கால் மணி நேரத்தில் தளரும் மொபெட்

முதலில் கண்டுபிடித்தது என் வலது கைதான். ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கிப் பிடித்திருக்கிறேன். வண்டியும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கைக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருந்த பிடிமானம் மெல்லக் கழன்றுகொண்டே போகிறது. 40 இல் ஓடிய வண்டி 35 ஆகிறது, 30 ஆகிறது. ஏற்றம் வந்தால் 15. பெடலை மிதித்துக் கைகொடுத்தால்தான் உச்சியைத் தொடும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் துள்ளிக்கொண்டு ஓடும். அதுவும் கால் மணி நேரத்துக்குத்தான். பிறகு மறுபடி அதே தளர்ச்சி.

அடியோடு நின்றுபோகிற வண்டியைச் சரிசெய்வது சுலபம். பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டால் ஏதாவது ஒன்று இல்லை என்று பதில் வந்துவிடும். தளர்கிற வண்டியிடம் இந்த மூன்று கேள்விக்கும் ‘இருக்கிறது’ என்றே பதில் வரும். நாம் பார்க்கும் நேரத்தில் எல்லாமே இருக்கும். இல்லாமல் போகிற அந்த நேரத்தில் நாம் சாலையில் இருப்போம், ஸ்பேனர் வீட்டில் இருக்கும்.

என்னுடையது 49 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காற்றிலேயே குளிரும் இன்ஜின். கியர் மாற்றும் வேலை கிடையாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச், சங்கிலி, இரண்டு பெடல், அவ்வளவுதான் வண்டி. மோட்டாரும் பெடலும் சேர்ந்த வண்டிக்கு அந்த இரண்டு சொற்களையும் வெட்டி ஒட்டி ‘மொபெட்’ என்று 1952 இல் சுவீடனில் பெயர் வைத்தார்கள். இதைவிட எளிமையாக ஒரு பெட்ரோல் வண்டியைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்ஜினுக்குள் அசைகிற முக்கியமான பாகங்கள் மூன்றே மூன்று: மேலும் கீழும் போகும் பிஸ்டன், அந்த அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. அந்த மூன்றையும் அவற்றைச் சுற்றியிருப்பவற்றையும் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தையும் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி தளரும் வண்டியை வைத்துக்கொண்டு யாராவது இப்போது தவித்துக்கொண்டிருப்பீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் மூன்று வாரம் நான் செய்ததெல்லாம் தப்பு. ஒரே மதியத்தில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டேன், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன், அதில் பெட்ரோலை அளந்து விடும் துளையான 70 ஆம் நம்பர் மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டு 75 போட்டேன். நாலு நாள் வண்டி பறந்தது. ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. சரியானது எதனால் என்றும் தெரியவில்லை, திரும்பி வந்தது எதனால் என்றும் தெரியவில்லை. நாலு வேலையை ஒன்றாகச் செய்ததால் நாலில் ஒன்றைக்கூட நம்ப முடியாமல் போனது.

எங்கள் மாமா ஆயுள் முழுக்கச் சின்ன இன்ஜின்களோடு வாழ்ந்தவர். பம்புசெட்டிலிருந்து மருந்தடிக்கும் இயந்திரம் வரை அவர் கைபடாதது இல்லை. அவருக்குப் போன் போட்டேன்.

“மாமா, வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க.”

“எப்பத்துல இருந்து?”

“மூணு வாரமாங்க.”

“அதைக் கேக்கலடா. கிளப்புன எத்தனாவது நிமிஷத்துல இருந்து இழுக்க மாட்டேங்குது?”

என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரமாக அந்த வண்டியோடு மல்லுக்கட்டியவன், அதைக் கவனிக்கவே இல்லை.

“ஒரு நோட்டு எடுத்துக்க. கிளப்புற நேரம், தளர்ற நேரம், ஏத்தமா சமதரையா, முழு முறுக்கா பாதி முறுக்கா, எத்தனை நிமிஷம் நிறுத்துனா சரியாவுது, எல்லாத்தையும் எழுது. ஒரு வாரத்துக்கு ஸ்பேனரத் தொடாத.”

தொடவில்லை. நோட்டில் ஏழு நாள் கணக்கு சேர்ந்ததும் ஒரு விஷயம் தெளிவானது: தளர்ச்சிக்கு ஒரு நேரம் இருக்கிறது. ஒவ்வொரு கோளாறும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது.

சில கோளாறுகள் மாதக்கணக்கில் வரும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. எரிந்து தீராத மிச்சம் கரியாகி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் வாயிலும் சைலன்சருக்குள்ளும் அப்பும். ரத்தக்குழாய் அடைப்புபோல விட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு நாளில் தெரியாது. ஆறு மாதத்துக்கு முன் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஏறிய மேட்டை இப்போது ஒருவரோடு ஏறத் திணறும்போதுதான் உறைக்கும். பிஸ்டன் ரிங் தேய்வதும் கிளட்ச் தேய்வதும் ஏர் ஃபில்டர் அடைவதும் இந்த வகைதான். இவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு: பத்து நிமிடம் நிழலில் நிறுத்தினால் சரியாகாது. கரி நிழலில் உதிராது.

இன்னொரு வகை நொடிக்கணக்கில் வரும். பிளக் வயரின் மூடி தளர்ந்திருப்பது, பிளக் முனையில் ஒரு கரித்துணுக்கு ஒட்டி இடைவெளியை அடைத்துவிடுவது, சுவிட்ச் வயர் எங்கோ உரசி வண்டியின் உடம்பில் படுவது. படக்கென்று விடும், படக்கென்று பிடிக்கும். வண்டி தளராது, வெட்டும். ஓட்டுகிறவருக்கு முதுகில் தட்டியதுபோல் இருக்கும்.

என் வண்டி இரண்டு வகையிலும் சேரவில்லை. தளர்ந்தது நிமிடக்கணக்கில், ஆற நிறுத்தினால் சரியானது. அப்படியென்றால் எதுவோ மெல்லத் தீர்கிறது, அல்லது எதுவோ மெல்லச் சூடேறுகிறது. மூன்று வாரம் நான் துடைத்துக்கொண்டிருந்த பாகங்களில் பாதிக்குமேல் இந்த ஒரே வரியில் பட்டியலைவிட்டுப் போய்விட்டன.

இன்ஜினைத் தொடும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: தளர்வது உண்மையில் இன்ஜின்தானா? சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சங்கிலி இழுக்காதபடி விடுவித்து, பின் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் நாலைந்து சுற்றாவது தானே ஓட வேண்டும். பிரேக் ஷூ உரசினால் அரைச் சுற்றில் நிற்கும். ஓட்டி வந்தவுடன் பிரேக் டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே வெக்கை சொல்லிவிடும். கிளட்ச் வழுக்கினால் காது கண்டுபிடிக்கும்: இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. என் வண்டியில் சத்தமும் வேகமும் சேர்ந்தே இறங்கின. ஆக, இன்ஜின்தான்.

அடுத்து ‘தீர்கிறது’ என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 800 மில்லி குடிக்கிறது. நிமிடத்துக்கு 13 மில்லிக்கும் கொஞ்சம் மேல். முழு முறுக்கில் ஏற்றம் ஏறும்போது அது இரண்டு மடங்கானாலும் 27 மில்லிதான். ஒரு மருந்து மூடி அளவு. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருப்பில் இருக்கும். டேங்கிலிருந்து வரும் வரத்து செலவைவிடச் சற்றே குறைந்தாலும் இன்ஜின் உடனே காட்டிக்கொடுக்காது. இருப்பு கரையக் கரைய, மட்டம் இறங்க இறங்க, கலவையில் பெட்ரோல் குறைந்து வண்டி தளரும். நிறுத்தினால் கிண்ணம் நிரம்பும், சரியாகிவிடும். என் வண்டி சொல்வது அச்சு அசலாக இந்தக் கதைபோலத்தான் இருந்தது.

திறந்தவெளியில், ஆறிய இன்ஜினில், பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி அளவு போட்ட ஒரு பாட்டிலில் விட்டேன். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து பெட்ரோல் டேப்பைத் திறந்தேன். முதல் நிமிடம் நல்ல தாரை. இரண்டாம் நிமிடம் தாரை நூலானது. மூன்றாம் நிமிடம் நூலும் அறுந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம், போனதும் தாரை மறுபடி முழுசாக வந்தது.

டேங்கிலிருந்து ஒரு மில்லி பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்கு ஒரு மில்லி காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு குண்டூசித் துளை வைத்திருப்பார்கள். அந்தத் துளை புழுதியும் பழைய எண்ணெயும் கலந்த பிசினில் அடைந்திருந்தது. ஒரு மெல்லிய கம்பியை விட்டு எடுத்தபோது கம்பி முனையில் கடுகளவு கறுப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். மறுபடி அளந்தேன். ஐந்து நிமிடமும் ஒரே தாரை.

அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் தளராமல் ஓடியது. மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “ஓட்டிப் பாரு” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள், நீளமான ஏற்றம் ஒன்றில், இருபத்தெட்டாவது நிமிடத்தில் வண்டி மறுபடி தளர்ந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்ததே தப்போ என்று சந்தேகம் வரும். நோட்டு என்னைக் காப்பாற்றியது. முன்பு தளர்ந்தது 14, 15, 13, 16 ஆவது நிமிடங்களில். இப்போது 28. முன்பு சமதரையிலும் தளர்ந்தது, இப்போது ஏற்றத்தில் மட்டும். முன்பு நிறுத்திப் பத்து நிமிடத்தில் சரியானது, இப்போது இருபது நிமிடம் கேட்டது. எண்கள் மாறியிருக்கின்றன என்றால் இது வேறு கோளாறு. இரண்டு கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்திருந்திருக்கின்றன. முதலில் வருவது வண்டியை நிறுத்திவிடுவதால் இரண்டாவதுக்கு முகம் காட்டச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. மூடியை நான் சரிசெய்தது வீண் இல்லை. அதைச் செய்ததால்தான் அடுத்தது வெளியே வந்தது.

இனி ‘சூடேறுகிறது’ என்ற பக்கம். சூட்டில் வலுவிழக்கும் பொருள்களில் எல்லோரும் முதலில் கைகாட்டுவது பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைத்தான். காரணம் இல்லாமல் இல்லை. மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, ஒன்றோடொன்று படாமல் பூச்சு பூசி வைத்திருப்பார்கள். அந்தப் பூச்சில் பழுது இருந்தால் குளிரில் தாக்குப்பிடிக்கும், சூடேறினால் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் வைத்த வண்டிகளில் அதோடு இருக்கும் கண்டென்சரும் இதே குணம் காட்டும். ஆறிய பிறகு வீட்டில் வைத்துப் பார்த்தால் பொறி நன்றாகத்தான் வரும். தளர்ந்த நிமிடத்தில், அதே இடத்தில் பார்த்தால்தான் பயன். ஒரு பழைய பிளக்கையும் பிளக் ஸ்பேனரையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏற்றத்தில் வண்டி தளர்ந்ததும் ஓரம்கட்டி, வயரைப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடம்பை சிலிண்டர் தலையில் நன்றாக அழுத்திவைத்து, இன்ஜினைச் சுழற்றிப் பார்த்தேன். இன்ஜினில் இருந்த பிளக்கைக் கழற்றவில்லை, திறந்த துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி விளையாட விடக்கூடாது. நீலப் பொறி, படக் படக் என்று ஒழுங்காக வந்தது. காயில் மேல் குற்றமில்லை.

மாமா சொல்லிக்கொடுத்த அடுத்த சோதனைக்கு ஒரு கருவியும் தேவையில்லை. வண்டி தளரத் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போதே, சோக்கைப் பாதி இழுக்க வேண்டும். சோக் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறது. கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம் என்றால் சோக் இழுத்ததும் வண்டி இன்னும் மோசமாகத் திணறும். பெட்ரோல் குறைவு என்றால் உயிர் வந்ததுபோல் இழுக்கும். நான் இழுத்தேன். இழுத்த மாத்திரத்தில் வண்டி முன்னால் தாவியது. கையில் அந்தப் பிடிமானம் திரும்பி வந்த நொடியை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

ஆக, பெட்ரோல் பற்றவில்லை, அல்லது காற்று கூடுதலாக எங்கிருந்தோ வருகிறது. வரத்தை அளந்தாயிற்று, ஜெட் சுத்தம், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் சரி. போதாததற்கு 70 க்குப் பதில் 75 ஜெட் வேறு. பல கார்புரேட்டர்களில் இந்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 0.70 மி.மீ. துளை 0.75 ஆனால் விட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது, ஆனால் பரப்பு கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடுகிறது. அவ்வளவு பெட்ரோலை நான் கூடுதலாகக் கொடுத்தும் போதவில்லை என்றால் காற்று எங்கோ திருட்டு வழியில் நுழைகிறது. அந்த நாலு நாள் வண்டி பறந்ததும் இதனால்தான். ஓட்டையை அடைக்காமல் தண்ணீரைக் கூட்டி ஊற்றியிருக்கிறேன்.

நோட்டை மறுபடி புரட்டினேன். இரண்டாவது நாளிலேயே ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் உடனே இறங்கவில்லை, நாலைந்து நொடி உயர்ந்தே நின்றது.’ ஐட்லிங் என்றால் முறுக்கை விட்ட பிறகு இன்ஜின் தானாக ஓடும் வேகம். எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன். திருட்டுக் காற்றுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. முழு முறுக்கில் இன்ஜின் இழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு சின்னது. ஐட்லிங்கில் கார்புரேட்டர் விடும் காற்றே கொஞ்சம்தான், அங்கே அதே கசிவு பெரிய பங்கு வகிக்கும். அதனால் சேதம் ஏற்றத்தில் நடந்தாலும் தடயம் ஐட்லிங்கில்தான் கிடைக்கும்.

கழற்றிப் பார்த்த பிளக்கும் ஒத்துக்கொண்டது. பீங்கான் மூக்கு காய்ந்த சருகின் பழுப்பில் இருக்க வேண்டும். என்னுடையது எலும்பு வெள்ளை.

காற்று நுழையக்கூடிய இடங்களில் கார்புரேட்டரும் சிலிண்டரும் சேரும் மேனிஃபோல்டு முதல் சந்தேகம். அங்கே இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினேன், போல்ட்டுகளைச் சமமாக இறுக்கினேன், நோட்டில் எண் மாறவில்லை. அதன் பிறகுதான் நான் நினைத்தே பார்க்காத இடத்துக்கு வந்தேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுழலும் அறை வெறும் எண்ணெய்த் தொட்டி. அங்கே கிராங்க் சீல் பழுதானால் தரையில் எண்ணெய் சொட்டும், வண்டியின் இழுவை அப்படியே இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த அறைதான் பாதி இன்ஜின். பிஸ்டன் மேலே போகும்போது அடியில் உள்ள அறை காலியிடமாகி, கார்புரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அந்தக் கலவையை அழுத்தி, பக்கவாட்டு வழிகள் மூலம் மேலே சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பிஸ்டனின் இரண்டு பக்கத்தையும் வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டின் முதல் வடிவத்தை இங்கிலாந்தின் ஜோசப் டே 1889 வாக்கில் உருவாக்கினார். அதற்குப் பின் வந்த கோடிக்கணக்கான மொபெட்டுகளும் மரம் அறுக்கும் இயந்திரங்களும் அந்த யோசனையின் பிள்ளைகள். அந்த அறை ஒரு பம்ப். பம்ப் என்றால் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்கின் இரண்டு முனைகளும் அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில், இரண்டு ரப்பர் ஆயில் சீல்தான் அதைக் காக்கின்றன.

இரண்டு சீலும் பழுதாகும் விதம் வேறு வேறு. கிளட்ச் பக்கத்து சீல் போனால் இன்ஜின் அந்தப் பக்கத்து கியர் எண்ணெயை உறிஞ்சும். புகை கொட்டும், எண்ணெய் மட்டம் இறங்கும், யாருக்கும் தெரிந்துவிடும். பொறிக்கு மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் இருக்கும் பக்கம் காய்ந்த பக்கம். அங்கே உறிஞ்ச எண்ணெய் கிடையாது, காற்று மட்டும்தான். புகை இல்லை, சொட்டு இல்லை, கறை இல்லை. கோளாறு எந்த அடையாளமும் விடாமல் வேலை பார்க்கும்.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது. என் வண்டிக்கு 50 க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்தால் எண்ணெயும் அதே அளவு குறையும். சூடு கூடும் அதே நேரத்தில் வழவழப்பு குறையும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரை உரசத் தொடங்கும். இழுவை குறைவது அந்த உரசலின் முதல் பேச்சு. கேட்காமல் முறுக்கிக்கொண்டே போனால் அடுத்து ஒரு கிறீச், இன்ஜின் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் சூடாகிறது என்று பயந்து எண்ணெயை இரட்டிப்பாக ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 50 க்கு 1 என்பதை 25 க்கு 1 ஆக்கினால் கலவையில் பெட்ரோலின் பங்கு 98 சதவீதத்திலிருந்து 96 ஆகக் குறையும், கரி கூடும், ஓட்டை அப்படியே இருக்கும். அந்த ஏற்றத்தில் நான் பத்துப் பதினைந்து தடவை முழு முறுக்கில் அடம்பிடித்து ஏறியிருக்கிறேன். பிஸ்டன் பிடித்துக்கொள்ளாதது என் பாக்கியம். உங்கள் வண்டி தளர்ந்தால் தயவுசெய்து முறுக்கை விடுங்கள்.

அழுத்தச் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக விழுங்கியது. மேக்னெட்டைக் கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிவிடும், அந்த ஆசையே வேண்டாம். மேக்னெட் வெளியே வந்ததும் சீலின் முகம் தெரிந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக, வட்டமாக, ஒழுங்காகத்தான் இருந்தது. எக்ஸாஸ்ட் போர்ட்டை ரப்பர் தகடு வைத்து அடைத்தேன், கார்புரேட்டர் வழியையும் அடைத்தேன், பிஸ்டனை அடிக்குக் கொண்டுவந்து பக்கவாட்டு வழிகள் திறந்திருக்கும்படி வைத்தேன். பிளக் துளையில் ஒரு குழாயை மாட்டி, அளவுமானி வைத்த கைப்பம்பால் மெல்ல 0.4 பார் வரை ஏற்றினேன். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கி வந்துவிடும். நல்ல இன்ஜின் அந்த அழுத்தத்தைச் சில நிமிடமாவது பிடித்துவைத்திருக்கும். என்னுடையதில் முள் கண்ணெதிரே சரிந்தது. இருபது நொடியில் பாதி காலி.

பஞ்சில் சோப்புத் தண்ணீர் எடுத்து ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். சிலிண்டர் அடி, கேஸ் சேரும் கோடு, மேனிஃபோல்டு, எங்கும் அசைவில்லை. கடைசியில் சீலைச் சுற்றித் தடவினேன். கடிகார முகத்தில் மணி எட்டு இருக்குமே, அந்த இடத்தில் சீலின் உதட்டுக்கும் கிராங்குக்கும் நடுவிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. பருத்தது, உடைந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு சின்னச் சின்னதாக நுரைக் கொத்து. ஆறு வாரமாக ஏற்றத்தின் பாதியில் என்னை நிறுத்தியது அந்த நுரைதான். கையில் பம்பைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

பழைய சீலை நெம்பி எடுத்து விரலில் வளைத்துப் பார்த்தேன். புது ரப்பர் நகம் பட்டால் குழிந்து திரும்பும். இது பிளாஸ்டிக் வளையம்போல் விறைத்திருந்தது. உதட்டின் முனை வழவழவென்று தேய்ந்து மின்னியது. குளிரில் தாங்கி, சூட்டில் விட்டதும் புரிந்தது. அலுமினிய கேஸ் சூட்டில் எஃகுக் கிராங்கைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். மிருதுவான ரப்பர் என்றால் அந்த இடைவெளியைத் தொடர்ந்துபோய் அடைத்துக்கொள்ளும், விறைத்தது நின்ற இடத்திலேயே நிற்கும். புது சீலின் உதட்டில் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் தடவி, கிராங்கின் சாவிப் பள்ளம் உதட்டைக் கீறாதபடி மெல்லிய நாடா சுற்றி, அதே விட்டமுள்ள ஒரு பைப் துண்டை மேலே வைத்து, நாலு பக்கமும் சமமாகத் தட்டி இறக்கினேன். மறுபடி அழுத்தம் ஏற்றினேன். ஐந்து நிமிடம் முள் அசையவில்லை.

மேக்னெட்டை மாட்டும்போது அதன் அரைநிலாச் சாவியையும் பார்த்துக்கொண்டேன். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் பொறி விழும் நேரமே தவறிவிடும், அதுவும் இழுவையைத் தின்கிற கோளாறுதான். முழுசாக இருந்தது. மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

“ஜெட்டு பழசு போட்டியா?”

போடவில்லை. 75 அப்படியே இருந்தது. ஓட்டை அடைந்த பிறகு அது கொட்டுகிற பெட்ரோல் அதிகம். அன்று சாயங்காலம் கிளப்பிப் பார்த்தால் உண்மையாகவே வண்டி குழறியது, முழு முறுக்கில் வயிறு நிறைந்தவன்போல் முக்கியது. 70 ஐத் தேடி எடுத்து மாட்டினேன். மற்ற எதையும் தொடவில்லை.

மறுநாள் காலை அதே ஏற்றத்துக்குப் போனேன். நோட்டில் எழுதியிருக்கிறேன்: கிளப்பியது 6.10. பதினைந்தாவது நிமிடம், சமதரை, 42. இருபத்தெட்டாவது நிமிடம், ஏற்றத்தின் பாதி, 31. முப்பத்தைந்தாவது நிமிடம், உச்சி. முறுக்கை விட்டதும் ஐட்லிங் ஒரே மூச்சில் இறங்கியது. இறக்கத்தில் திரும்பி வந்து, இன்ஜின் ஆறவிடாமல் மறுபடி அதே ஏற்றத்தில் ஏறினேன். நடுவில் வண்டி நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தேன்.

வண்டி திணறியது. சோக்கை உள்ளே தள்ளிவிட்டு மேலே போனேன்.